செருமல்

கட்டுரையின் நான்காம் பக்கத்தை ஆசிரியர் உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அது அவர் மனைவியின் செருமல். அவள் போய் எட்டு மாதமாகிறது.

ஒரே கல்லூரியில் அவர் வரலாறும் அவள் நிலவியலும் கற்பித்தார்கள். ஒரே நாளில் மக்களோடு மறைந்துபோனதாகக் கதைகள் சொல்லும் அந்தப் பழைய நகரம் கடலுக்கடியில் கிடக்கிறது என்பது அவர் கட்சி. மலைக்குள் புதைந்திருக்கிறது என்பது அவள் கட்சி. எதை எழுதினாலும் அவளுக்குத்தான் முதலில் படித்துக் காட்டுவார். வாதத்தில் ஓட்டை எங்கே இருக்கிறதோ சரியாக அங்கே செருமுவாள். அப்புறம்தான் "இல்லீங்க" என்று வாயைத் திறப்பாள். அதைத் தேடி மலைக் குகைக்குள் தனியாகப் போனவள்மேல் பாறை சரிந்தது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

எட்டிப் பார்த்தார். மச்சினன்தான், அக்காவின் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"நீயா செருமின?"

"நான் எதுக்கு அத்தான் செருமணும்? நீங்க படிச்சதுல எனக்கு ஒரு எழவும் புரியல. மூழ்குனது அந்த ஊரா நீங்களான்னுதான் சந்தேகமா இருக்கு." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "பேசாம எங்க வீட்டுக்கு வந்துடுங்களேன்."

"அவ வந்தா வீடு பூட்டிக் கிடக்கக் கூடாதுடா."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியோடு கிளம்பினான்.

மழை பிடித்துக்கொண்டது. மின்சாரம் போய் மாலையிலேயே வீடு இருட்டிவிட, ஈரச் சுவரின் வாடையோடு, அவள் மலையிலிருந்து திரும்பும் நாட்களில் காலணியில் ஒட்டிவரும் அந்தக் குளிர்ந்த மண்ணின் வாடையும் சேர்ந்து கூடத்தில் மெல்லப் பரவ, அவர் மெழுகுவத்தியை ஏற்றி வைத்துக்கொண்டு அதே பத்தியை மறுபடி படித்தார். அதே இடம். அதே செருமல். இப்போது இன்னும் கிட்டத்தில்.

பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. அந்த "இல்லீங்க"வை ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும். ஓட்டை விழுந்த பத்திகளாகத் தேடித் தேடிப் படித்தார். செருமல் வந்தது, வார்த்தை வரவில்லை. சுவரில் காதை வைத்தார். சுவரில் இல்லை. குனிந்தார்.

தரையில்.

அவள் இருந்தவரை ஒருநாளும் விட்டுக்கொடுக்காததை, மண்டியிட்டு, தரைக்கல்லோடு வாய் வைத்துச் சொன்னார்.

"நீ சொன்னதுதாம்மா சரி. மலைதான். நான் தோத்துட்டேன். பேசேன்."

மழைகூட நின்றுவிட்டது போலிருந்தது.

பிறகு, அவர் கன்னத்துக்கு நேர் கீழே, ஒரு செருமல்.

"இல்லீங்க."

அவள் குரல்தான். அவர் விம்மி அழுதார்.

"மலையும் இல்லீங்க."

பின்னே எங்கே என்று அவர் கேட்கத் தேவை இருக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு தொண்டை செருமியது. ஆணின் தொண்டை. அதற்கப்பால் ஒரு கிழத்தொண்டை. ஒரு குழந்தை. கூடத்தின் கீழே. சமையலறையின் கீழே. வாசலைத் தாண்டித் தெருவின் கீழே. வரிசை வரிசையாக. வீடு வீடாக. பேசத் தொடங்குமுன் மறைந்துபோன அந்த ஊரே தொண்டையைச் சரிசெய்துகொண்டது.

கதவு திறந்துதான் இருந்தது.

அவர் எழவில்லை. கன்னத்தின் கீழே தரைக்கல் மெல்ல மெல்ல வெதுவெதுப்பானது, மறுபக்கத்தில் இன்னொரு கன்னம் வந்து அழுந்தியதுபோல.