சூடு தாங்காத பிள்ளை

சுவிட்ச் போடாத மெஷினிலிருந்து கருகல் வாடை வருமா? வந்தது. மாடிப்படிக்குக் கீழே அலமாரியில், ஒயரைச் சுருட்டி ஞாயிற்றுக்கிழமையே வைத்து மூடிய வேக்குவம் கிளீனர் அது. வியாழக்கிழமை காலை கதவைத் திறந்ததும் குப்பென்று முகத்தில் அடித்தது. பால் தீய்ந்த வாடை, ஒயர் உருகிய வாடை, குப்பை கொளுத்திய வாடை எல்லாம் குமாரிக்கு அத்துப்படி. இது எதிலும் சேராதது. முடி பொசுங்கினால் வருமே, அதற்குப் பக்கத்து வாடை. கூடவே கொஞ்சம் நெய்.

விஜயகுமாரி என்ற முழுப்பேர் ஆதார் கார்டில் மட்டும்தான். நெம்மேலி கடற்கரையோரம் வரிசையாக நிற்கும் வாடகை பங்களாக்களில் ஒன்றை ஆறு வருஷமாகக் கூட்டித் துடைக்கும் அவள் எல்லோருக்கும் குமாரிதான்.

பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் கிருபாகரன் மெஷினைத் திருப்பிப் போட்டு, ஸ்க்ரூவைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தான்.

"மோட்டாரு ஜம்முனு கீது. ஒயரும் உருகல. உன் மூக்குலதான் இன்னாவோ கோளாறு."

"உனுக்கு வாடையே வர்லயாண்ணா?"

"ஒண்ணியும் வர்ல. ரெண்டு மணிக்கு கெஸ்ட்டு வந்துடுவாங்கோ, மேல் ரூம சீக்கிரம் முடி. நான் போய் தண்ணி கேன் எடுத்துகினு வந்துடறேன்."

அவன் வண்டிச் சத்தம் ஈ.சி.ஆர். பக்கம் தேய்ந்து மறைந்தது. குமாரி மெதுவாக மெஷின் மேல் கை வைத்தாள். ஜுரம் கண்ட குழந்தையின் நெற்றியைப் போலச் சுட்டது. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள்.

அவளுக்குத் தெரியும். நாலு நாளாகத் தெரியும். வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை.

போன ஞாயிறு விடியற்காலை. மேல் அறையில் கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி. ஐயர் வருவதற்குள் அறையைச் சுத்தம் பண்ணச் சொல்லிவிட்டு, அவரை எதிர்பார்த்து இருவரும் கேட்டருகே போய் நின்றிருந்தார்கள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் தள்ளிய மெஷின் குழாய் எதிலோ இடித்தது. துணி கட்டிய மண்கலயம். சாய்ந்து, முடிச்சு நெகிழ்ந்து, பாதிக்கு மேல் கார்ப்பெட்டில் கொட்டிவிட்டது. சாம்பல்.

ஹோமத்துச் சாம்பல் என்றுதான் நினைத்தாள், சத்தியமாக. அவள் வீட்டுப் பெண்கள் சுடுகாட்டுப் பக்கம் போனதில்லை. ஆம்பிளைகள் போவார்கள், தலைமுழுகிவிட்டு வருவார்கள். அங்கிருந்து எதை எடுக்கிறார்கள், எப்படிக் கரைக்கிறார்கள், அவள் கண்ணால் கண்டவளா? ஒரு கம்ப்ளெயின்ட் போனால் வேலை போச்சு. அந்தப் பயத்தில் சுவிட்சைப் போட்டு உறிஞ்சினாள். குழாய்க்குள் ஏதோ சில்லுகள் கடகடவென்று ஓடின. ஓட்டமாகப் படி இறங்கி, புல்தரையில் கெஸ்ட்டுகள் கறி சுடும் அடுப்பிலிருந்து இரண்டு கை சாம்பலை அள்ளிவந்து கலயத்தில் நிரப்பி, முன்பு இருந்தபடியே கட்டிவைத்தாள்.

கட்டி முடித்து நிமிர்ந்தால், வாசலில் அந்த அம்மா. சரோஜா. நேரே வந்து கலயத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாள்.

"வா தமிழு, போலாம்."

கலயத்தோடு பேசுகிறாளே என்று குமாரி திரும்பினாள்.

"எம் புள்ள தமிழ்வாணன்மா. சிறுசேரில வேலை, பைக்குல அடிபட்டுட்டான். சூடே தாங்க மாட்டான், மார்கழிக் குளிர்லகூட ஃபேன் வேணும் அவனுக்கு. அவனப் போயி எரிச்சிட்டோமே! கடல்ல விட்டாத்தான் குளுந்துப்பான்."

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். பாவி, திறக்கவில்லை. அடுப்புக்கரிச் சாம்பலைச் சுமந்துகொண்டு அந்த அப்பா கடலுக்குள் இறங்குவதை பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள். போகும்போது சரோஜா அவள் கையைப் பிடித்து, "வெந்நி வெச்சுக் குடுத்தியே, நல்லாருப்ப" என்று சொல்லி நம்பரும் வாங்கிக்கொண்டாள்.

இப்போது அந்த நம்பர்தான் அடித்தது.

"குமாரிம்மா, தப்பா நெனைக்காத. அந்த ரூம்ல எதுனா விட்டுட்டு வந்துட்டமா? தெனமும் கனவுல வர்றான். எரியுதும்மா, தண்ணி குடுன்னு அழுவுறான்."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"ஒண்ணும் இல்லீங்கம்மா. நான்தான் சுத்தமா பெருக்கனேனே."

போனை வைத்தாள். வீட்டில் ஈ எறும்புச் சத்தமில்லை. தூரத்தில் அலை. பக்கத்து பங்களாவில் தண்ணீர் மோட்டார். அப்புறம், காலடியில், பிளக் சொருகாமல் கிடந்த மெஷினின் குழாய்க்குள் அது கேட்டது.

கடகட.

நின்றது.

மறுபடி, இன்னும் கிட்டத்தில். கடகட.

ஓடிவிடலாம். ஓடினால்? அந்தப் பிள்ளை உள்ளேயே வெந்துகொண்டிருக்கும். அவளுக்கும் ஸ்வாதி என்று ஒரு பெண் இருக்கிறாள். எரிகிறது என்று அவள் அழுதால் பார்த்துக்கொண்டு நிற்பாளா? அவனைக் கடலில் சேர்த்துவிட வேண்டும். அவ்வளவுதான். அவன் அம்மாவுக்குத் தெரிவதற்குள் சேர்த்துவிட வேண்டும்.

மூடியைத் திறந்து தூசிப்பையை உருவினாள். கனத்தது. கை பொத்துப்போகிற சூடு. முந்தானையில் சுற்றிக்கொண்டு பின்கேட் வழியாக மணலில் இறங்கினாள். மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. ஆறு வருஷமாகக் கடல் பக்கத்தில் வேலை. ஒருநாள்கூட அதில் கால் நனைத்ததில்லை. திருப்போரூர்க்காரிக்கு ஏரித் தண்ணீர் தெரியும், அலை என்றால் குலைநடுக்கம். ஆளே இல்லாத கடற்கரை. ஈர மணலின் விளிம்போடு நின்றுவிட்டாள்.

விடிகாலையில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். உச்சி சாய்ந்தால் கடலிலிருந்து கரைக்குத் திரும்பும். மீன்காரர் வீட்டுச் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. குமாரிக்குத் தெரியாது. பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள்.

"போயிடுப்பா தமிழு, என்னிய மன்னிச்சி..."

காற்று திரும்பி அடித்தது. மொத்தமும் அவள் மேல். கண்ணில். மூக்கில். பேசத் திறந்த வாயில். திக்கென்று இழுத்த மூச்சோடு தொண்டை தாண்டி உள்ளே இறங்கியது. இருமினாள். இருமி இருமிக் கண் பிதுங்கியது. ஒரு துளி வெளியே வரவில்லை. கடலில் ஒரு பொட்டுகூட விழவில்லை.

கிருபாகரன் வந்தபோது மெஷின் ஜில்லென்று இருந்தது.

"பாத்தியா, இப்ப வாடை கீதா?"

"இல்லண்ணா." நிஜமாகவே இல்லை. அப்பாடா என்று அவளுக்கு அழுகையே வந்தது.

சாயங்கால பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து வேறு சீட்டுக்குப் போனாள்.

வீட்டில் தை மாசக் குளிருக்குப் போர்வை போர்த்திப் படித்துக்கொண்டிருந்த ஸ்வாதி நிமிர்ந்தாள். "அம்மா, இன்னா கருவுது? அடுப்புல எதுனா வெச்சிட்டியா?"

அடுப்பே பற்றவைக்கவில்லை. குமாரி ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். இன்னொரு சொம்பு. அப்புறம் குடத்தையே தூக்கிக் கவிழ்த்துக்கொண்டாள். தொண்டையில் இறங்கும் தண்ணீர் கொதித்தது.

"ஃபேனப் போடுடி."

"இந்தக் குளிருலயா?"

"போடுடி!"

போன் அடித்தது. சரோஜா. போதும். இனி ஒரு பொய்யும் வேண்டாம், எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். காதில் வைத்தாள். வாயைத் திறந்தாள்.

நெஞ்சுக்குள் ஏதோ ஓடியது. கடகட.

ஸ்வாதி போர்வையை இறுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். அம்மாவின் திறந்த வாயிலிருந்து மெல்லிசாகப் புகை எழுந்து, சுழலும் ஃபேனுக்குக் கீழே கலைந்துகொண்டிருந்தது. அந்தப் புகைக்குள்ளிருந்து ஒரு ஆம்பிளைப் பிள்ளையின் குரல் வந்தது.

"எரியுதும்மா."

மறுமுனையில் சரோஜா கேட்டாள்.

"தமிழு?"