வெங்குவின் கொடி

கொடி வெயிலைப் பார்க்கவில்லை. சமையலறை ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அரிசி களைந்த கையோடு ராமாமணி நின்றுவிட்டாள். கோயம்புத்தூரில் அரிய செடிகளைக் காத்து வளர்க்கும் தோட்டத்துக்கு அவள் கணவன் பாலகோபால்தான் பொறுப்பு, தோட்டத்துக்குள்ளேயே வீடு. மகள் வெங்கு, இரண்டு வயதுக் குழந்தை, ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாசத்துக் காய்ச்சலில் போனபோது, பெண்கள் இடுகாட்டுக்கு வரக்கூடாது என்றார்கள். பிள்ளையைப் புதைத்த மண்ணைக்கூடப் பெற்றவள் பார்க்கக்கூடாதா என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அது தாங்காமல், மாமன்மார் முகம் சுளித்தும் கேளாமல், பாலகோபால் குழந்தையை இந்தக் கொடியின் அடியிலேயே புதைத்தான். மேற்கு மலையிலிருந்து வந்த கொடி. அங்கே காட்டையே அழித்துவிட்டார்கள்; மிச்சம் இது ஒன்றுதான்.

கொடி திரும்பிய நாளிலிருந்து, மழை ஈரம், சாணி எரு, பழுத்த இலை எல்லாவற்றின் வாசனைக்கும் அடியில், பால் குடித்து உறங்கும் பிள்ளையின் வாய் வாசனை மெல்ல மெல்ல ஜன்னல் வழியே வந்தது. காற்றே இல்லாத மாலைகளில் கொடி மட்டும் அசைய, அவள் பயந்தாள். பயந்துகொண்டே போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

பவானியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு ஒரு சாயங்காலம் திரும்பியபோது கொடி இல்லை. அடிக்கட்டை மட்டும் நின்றது.

“ஏனுங்க, கொடி எங்கீங்க?”

“நோவு புடிச்சுப்போச்சு அம்மணி. உசுரிருந்த தண்டுகளையெல்லாம் வெட்டித் தொட்டியில நட்டுப்போட்டேன். கொஞ்சத்த கல்கத்தா தோட்டத்துக்கு அனுப்பியாச்சு. பெட்டி இப்பத்தான் ரயிலுக்குப் போச்சு.” அவன் கண் கலங்கியிருந்தது. “ஒரே எடத்துல வெச்சிருந்தா ஒரு காய்ச்சல்ல போயிருது. நாலு எடத்துல இருந்தாத்தான் மிஞ்சும். தோட்டம்னு ஒண்ணு வேற எதுக்கு?”

அவள் கண்ணாடிக் கொட்டகைக்கு ஓடினாள். உள்ளே வெக்கை. இருட்டத் தொடங்கியிருந்தது. வரிசையாகத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் விரல் நீளத் தண்டு.

விசும்பல்.

முதல் தொட்டியிலிருந்து. பிறகு அடுத்ததிலிருந்து. ஒரே குரல். வெங்குவின் குரல்.

“கண்ணு...”

ஒன்றைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அது அடங்கியது. இலை அவள் சேலையைப் பற்றிக்கொண்டது. மற்றவையெல்லாம் வீறிட்டன.

இன்னொன்றைத் தூக்கினாள். அதுவும் அடங்கியது. இருப்பது இரண்டு கை. மற்றவையெல்லாம் அழுதன.

ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதியது. அதிலிருந்தும் அதே குரல். அம்மா, அம்மா என்று. தூரம் போய்க்கொண்டே இருந்தது.