தென்சரிவின் தனிக் கிளை

செவ்வாய்க் கோளின் தென்சரிவுக் குடியிருப்பில் தினமும் காலை ஆறு மணிக்கு மருந்துப்பொறி பூமியிலுள்ள மூலக்களஞ்சியத்தைத் திறந்து அன்றைய பதிப்பை இறக்கிக்கொள்ளும். எந்த மருந்து, எந்த வயதுக்கு, எவ்வளவு என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். மருந்தைக் கலந்து நரம்பில் ஏற்றுவதும் பொறியேதான். மனிதக் கைக்கு மருந்து வராது. குடியிருப்புகளுக்கு வாசிக்கும் உரிமை மட்டும் உண்டு. ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. முன்பு வேறொரு குடியிருப்பில் யாரோ எண்ணைத் திருத்தியதில் பதினோரு பேர் இறந்த பிறகு வந்த விதி அது. மருத்துவர் தில்லைநாயகியும் அதைச் சரியான விதி என்றே நினைத்திருந்தாள்.

அந்த ஆண்டு வலிப்பு வந்த இரண்டு குழந்தைகள், பொறி கொடுத்த மருந்துக்குப் பின் கண் விழிக்கவே இல்லை. இரண்டும் செவ்வாயிலேயே பிறந்தவை. இங்கே வளரும் சிறுநீரகம் மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றுகிறது என்பதை இரத்தச் சோதனைகளில் அவள் கண்டாள். அளவைப் பாதியாக்கக் கோரிப் பூமிக்கு எழுதினாள். பரிசீலிக்க ஏழு மாதம் ஆகும் என்று பதில் வந்தது.

மூன்றாம் மாதமே நூருன்னிசா தன் எட்டு மாத மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். குழந்தைக்கு வலிப்பு நிற்கவில்லை. பொறி பழைய அளவையே காட்டியது.

களஞ்சியத் தொடர்பைக் கவனித்துவந்த அருளப்பனிடம் தில்லைநாயகி வழி கேட்டாள். ஒன்றுதான் இருந்தது: கையிலுள்ள பதிப்பை மூலத்திலிருந்து தனிக் கிளையாகப் பிரித்து, அதில் அளவுகளைத் தாங்களே எழுதுவது. பிரிந்த கிளைக்கு மூலக்களஞ்சியம் மறுபடி திறக்காது.

"இனிமே எந்தப் புது மருந்தையும் நம்ம கண்ணுல காட்டமாட்டாங்க டாக்டர். முந்நூத்தி நாப்பது பேருக்கும் சேத்துதான் இந்த முடிவு."

"தெரியும்ணே. எல்லாரையும் கேக்க நேரமில்ல. பிரிச்சிடுங்க."

அவர் குழந்தையைப் பார்த்தார். பிரித்தார். அவள் பாதி அளவை எழுதினாள். மறுநாள் குழந்தை பால் குடித்தது. குடியிருப்பில் சிலர் அவளிடம் பேசுவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்த தூசிப்பருவத்தில் ஒரு நுரையீரல் காய்ச்சல் பரவியது. மற்றக் குடியிருப்புகளுக்குப் புதிய மருந்து வந்துவிட்டது. அதன் செய்முறையைச் சொன்னால் தங்களுக்கும் களஞ்சியத்தின் கதவு மூடும் என்று அஞ்சி யாரும் சொல்லவில்லை. இங்கே முதலில் படுத்தவர் அருளப்பன். பழைய மருந்து ஒன்றின் அளவைக் கூட்டிப் பார்க்கலாம் என்றாள் தில்லைநாயகி. எவ்வளவு கூட்டுவது என்று தனக்கே நிச்சயமில்லை என்பதையும் அவரிடம் மறைக்கவில்லை.

"குடுங்க. என்ன ஆனாலும் எழுதி வைங்க," என்றார் அவர்.

நான்காம் நாள் அவருடைய இதயம் நின்றது.

தில்லைநாயகி கிளையைத் திறந்து அவர் பெயர், வயது, கொடுத்த அளவு, இதயம் நின்ற நேரம் எல்லாவற்றையும் எழுதினாள். கீழே, "அளவு அதிகம். முடிவு செய்தது நான்" என்று சேர்த்தாள். பிறகு அளவைக் குறைத்து, அடுத்த நோயாளியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

குறைத்த அளவில் பதினெட்டுப் பேர் பிழைத்தார்கள். அருளப்பனைப் பற்றிய பதிவை அழிக்கும் உரிமை இப்போது அவளுக்கு இருந்தது. அவள் அழிக்கவில்லை.