முப்பத்தொரு வாரம் பின்னால்

கீழ்ச்செம்பூரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பிறக்காத பிள்ளைகளைப் பார்க்கப் போகிற நாள். செவ்வாய்க் கிரகத்தின் தரைக்கு அடியில் வெகு ஆழத்தில் இருந்த கருவகத்தில் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். கோயில் வாசலைப் போலச் செருப்புகள் குவிந்து கிடக்கும். உள்ளே வரிசையாகக் கருப்பேழைகள். ஒவ்வொன்றிலும் இளஞ்சூட்டு நீரில் ஒரு சிசு தலைகீழாக மிதந்தபடி விரல் சூப்பிக்கொண்டிருக்கும். அம்மாக்கள் குழாயில் வாய் வைத்துக் கொஞ்சுவார்கள். அத்தைமார் பாடுவார்கள். அப்பாக்கள் என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடியைத் தட்டிப் பார்த்துத் தாதியந்திரத்திடம் திட்டு வாங்குவார்கள்.

செவ்வாயின் குறைந்த ஈர்ப்பில் வயிற்றுப் பிள்ளைக்கு எலும்பு சரியாகப் பிடிப்பதில்லை. அதனால் கரு தரித்த சில வாரங்களிலேயே அதைத் தாயிடமிருந்து எடுத்துப் பேழைக்கு மாற்றிவிடுவார்கள். பேழைகள் இருந்த மண்டபம் ஓயாமல் சுழன்று பூமியின் எடையைக் கொடுத்துக்கொண்டிருக்கும். பார்க்க வருகிறவர்களுக்கு முழங்கால் விட்டுப்போகும். அந்த வலியையும் பாசத்தில் சேர்த்துக்கொள்வார்கள்.

இளம்பரிதியும் நறுமுகையும் அந்த ஞாயிறும் வந்திருந்தார்கள். அவன் துருவத்துப் பனிச்சுரங்கத்தில் மேற்பார்வையாளன், பாதி நாள் ஊரில் இருக்கமாட்டான். அவள் கீரைக்கூடத்தில் வேலை பார்த்தாள். இரண்டு முறை தரித்துத் தங்காமல் போய், விசேஷம் ஏதாவது உண்டா என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சலித்த பிறகு கிடைத்த பிள்ளை இது. பெண் குழந்தை. அவள் குழாயில் குனிந்து என்னவோ ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தாள். இளம்பரிதி பேழையின் நெற்றியில் ஒளிர்ந்த எண்ணைப் பார்த்தான். முப்பத்தொரு வாரம் என்றிருந்தது.

செவ்வாயில் மாதம் கிடையாது. மாதம் வைத்துக்கொள்ள அங்கே உருப்படியான நிலவு இல்லை. ஆண்டோ பூமியின் ஆண்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பூமியிலிருந்து சேதமில்லாமல் வந்து சேர்ந்தது வாரம் ஒன்றுதான். வயது, கல்யாணம், கருமாதி எல்லாம் வாரத்தில்தான். இத்தனை வாரத்துக்கு முன்னால் என்றால், பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னோக்கி எண்ணி நாளைச் சொல்லிவிடுவார்கள். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது பல் துலக்குகிற மாதிரி.

இளம்பரிதியும் எண்ணினான். அன்பினால்தான் எண்ணத் தொடங்கினான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நம் வீட்டுக்கு நல்ல காலம் என்றைக்குப் பிறந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டான். முப்பத்தொரு வாரம் பின்னால் போனான். அங்கே அவனே இல்லை.

அந்த வாரம் அவன் துருவத்தில் பனிக்குள் நின்றுகொண்டிருந்தான். ஊர் திரும்பியது அதற்கு அடுத்த வாரம். சந்தேகமே கிடையாது. அவன் வந்து இறங்கிய அன்று தண்ணீர்த் திருநாள். மறுபடி எண்ணினான். ஒரு பொங்கலை நடுவில் விட்டுவிட்டோமோ என்று அதையும் பிடித்துக்கொண்டு எண்ணினான். கணக்கு அதே இடத்தில் போய் நின்றது. பக்கத்தில் நறுமுகை, "அப்பா வந்திருக்காங்க பாரு" என்று குழாயில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சொல் அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

சந்தேகம் வந்த மனிதனுக்கு உலகம் முழுக்கச் சாட்சி சொல்ல வந்துவிடும். இரண்டு நாள் பொறுத்துவிட்டுக் கேட்டான். சும்மா கேட்பதுபோல, தண்ணீர்த் திருநாளுக்கு முந்தின வாரம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று விசாரித்தான். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமலே சற்று யோசித்தாள்.

"அந்த வாரமா? அப்ப நான் தூரமா இருந்தேன்ல. வேலைக்கே போகலையே."

தூரமாகவா? எங்கே போனாள்? அதை அவளிடம் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. கீழ்ச்செம்பூர் வீடுகளில் கதவுக்கு நினைவு உண்டு, காற்று வீணாகக்கூடாதே என்று வருவோர் போவோரை எல்லாம் அது குறித்து வைத்துக்கொள்ளும். அவள் தூங்கப்போன பிறகு கதவிடம் போய் நின்றான். அந்த வாரம் வீட்டம்மா வாசல் தாண்டவே இல்லை என்றது கதவு. உள்ளே யாராவது வந்தார்களா என்று கேட்டான். காற்று வடிகட்டி மாற்றுகிற சகாயம் வந்தார் என்றது. எவ்வளவு நேரம் இருந்தான் என்று கேட்டதற்கு, ஒரு வடிகட்டி மாற்றுகிற நேரம் என்று கள்ளமில்லாமல் பதில் சொன்னது.

இதற்குமேல் என்ன வேண்டும்? வீட்டிலேயே இருந்தவள் தூரமாகப் போயிருந்ததாகப் பொய் சொல்கிறாள். வீட்டுக்கு ஒருவன் வந்திருக்கிறான். கணக்கும் ஒத்துப்போகிறது. எவ்வளவு பெரிய துரோகம் என்று நினைத்து அவன் அழுதான். அழுகை உண்மையான அழுகைதான்.

அந்த ஊரில் இதற்கென்றே ஒரு சட்டம் இருந்தது. ஐயச் சட்டம் என்று பெயர். குடியேறிய புதிதில் பெண்டாட்டிமேல் சந்தேகம் கொண்ட ஒருவன் ஆத்திரத்தில் வெளிக்கதவைத் திறந்துவிட, ஒரு தெருவே மூச்சில்லாமல் போய்விட்டது. அதன்பிறகு போட்ட சட்டம். பிள்ளை தன்னுடையதுதானா என்று எந்த அப்பனும் மூலச் சோதனை கேட்கலாம். பிள்ளை வேறொருவனுடையது என்று தெரிந்தால் கேட்டவன்மேல் குற்றமில்லை. பிரிந்து போகலாம், மனமிருந்தால் அந்தப் பிள்ளைக்கே வளர்ப்பு அப்பனாகவும் இருக்கலாம். பிள்ளை அவனுடையதாகவே இருந்துவிட்டால், வீணாகச் சந்தேகப்பட்டவன் கையில் இந்த ஊர் ஒரு குழந்தையைக் கொடுக்காது. தகப்பன் உரிமை அத்தோடு போயிற்று. நிச்சயமாகத் தெரியாமல் எவனும் கேட்கமாட்டான் என்று சட்டம் எழுதியவர்கள் நம்பினார்கள். ஆண்களுக்கு நிச்சயம் எவ்வளவு சுலபமாக வந்துவிடும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

இளம்பரிதி மனுக் கொடுத்தான்.

சோதனைக் கூடத்துக்கு இருவரும் வரவேண்டும் என்பது விதி. எதற்கு என்று சொல்லாமலே நறுமுகையை அழைத்துவந்தான். வாசலில் இருந்த பலகையைப் படித்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. படித்துவிட்டு அவனைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தாள். பதிவாளர் மெஹருன்னிசா நல்ல மாதிரி மனுஷி. சட்டத்தை ஒருமுறை படித்துக் காட்டி, யோசித்துத்தான் செய்கிறீர்களா சார் என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். பேழையிலிருந்து வந்திருந்த சிசுவின் ரத்தம் ஒரு துளி, அவன் விரலிலிருந்து ஒரு துளி எடுத்து யந்திரத்தின் வாயில் விட்டார்கள்.

காத்திருந்த நேரத்தில்தான் நறுமுகை பேசினாள். எந்தக் கணக்கை வைத்து இங்கே கொண்டுவந்தீர்கள் என்று கேட்டாள். அவன் சொன்னான். முப்பத்தொரு வாரம், துருவம், தண்ணீர்த் திருநாள், தூரமாக இருந்தேன் என்று அவள் சொன்ன பொய், சகாயம் எல்லாவற்றையும் வழக்கு வைப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். அவள் கடைசிவரை குறுக்கே பேசவில்லை.

"பேழையில காட்டுறது கரு உண்டான நாள்லேர்ந்து இல்லீங்க" என்றாள். "அதுக்கு முன்னாடி நான் கடைசியா தூரமான நாள்லேர்ந்து. பூமியில காலங்காலமா டாக்டருங்க அப்படித்தான் எண்ணுவாங்க, இங்கயும் அதையே வச்சிருக்காங்க. ரெண்டு வாரம் கழிச்சுக்கணும். நீங்க வந்து ஒரு வாரம் ஆனப்புறம் உண்டானது இது."

"தூரம்னா?" என்று அவன் கேட்டான்.

அவள் அவனை விநோதமாகப் பார்த்தாள். மாதவிலக்குக்குப் பெண்கள் தங்களுக்குள் வைத்திருந்த பழைய சொல் அது. பூமியிலிருந்து அம்மா மகளுக்குச் சொல்லிச் சொல்லி இத்தனை கோடி மைல் வந்திருந்தது. அவனிடம் எப்போதும் உடம்பு சரியில்லை என்றுதான் சொல்வாள், அன்றைக்கு வாய் தவறி உள்ளது வந்துவிட்டது. எத்தனையோ வாரங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தவன், உடம்புக்கு என்ன என்று ஒருமுறையும் கேட்டதில்லை. வாரம் எண்ணுகிற முறையைக் கருவகத்தில் அப்பாக்களுக்கான முதல் வகுப்பிலேயே சொல்லித்தந்தார்கள். அவன் வருகைக்குக் கட்டைவிரலை வைத்துவிட்டு வண்டிப் பந்தயம் பார்க்கப் போயிருந்தான். பெண்கள் சமாச்சாரம், நமக்கெதற்கு என்று நினைத்தான்.

"உங்க கணக்குப்படி பார்த்தா அந்த மண்டபத்துல ஒரு பிள்ளைக்கும் அப்பன் கிடையாது" என்றாள் நறுமுகை.

அவன் எழுந்து மெஹருன்னிசாவிடம் ஓடினான். மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னான். கைகூப்பினான். துளி உள்ளே போய்விட்டதே சார், இனி அதன் கையில்தான் இருக்கிறது என்று அவள் மிகவும் வருத்தத்தோடு சொன்னாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தான். யந்திரம் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. பிள்ளை தன்னுடையது என்றால் அதை இழந்துவிடுவான். வேறொருவனுடையது என்றால் மட்டும்தான் அதற்கு அப்பனாக இருக்கலாம். எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும் அவ்வளவுதான் வந்தது. தாங்க முடியவில்லை அவனுக்கு. நறுமுகையின் கையைப் பிடித்துக்கொண்டான். கெஞ்சினான்.

"நறு, அந்தச் சகாயம்... ஒரே ஒரு தடவையாவது... இல்லன்னு மட்டும் சொல்லிடாத."

"இல்லீங்க" என்றாள் அவள்.

கல்யாணமானதிலிருந்து முதல் முறையாக அவன் அவளை முழுதாக நம்பினான்.

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். யந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்து, வாழ்த்துகள், குழந்தை உங்களுடையதே என்ற குரலோடு ஒரு மங்கல இசையும் வந்தது. மெஹருன்னிசா அவசரமாக அதை நிறுத்தினாள். தகப்பன் உரிமை நீக்கப்பட்டதாக அவன் விரலை வாங்கிப் பதிந்துகொண்டாள். நறுமுகை குழந்தையைப் பார்க்கக் கருவகத்துக்குப் போய்விட்டாள். அவன் போகாமல் நின்றுகொண்டிருந்தான். அப்படி நிற்கிற மனிதனிடம் ஏதாவது ஆறுதலாகச் சொல்லாமல் இருக்க மெஹருன்னிசாவுக்கு மனம் வரவில்லை. பேழையின் படம் அவள் மேசைத் திரையில் இருந்தது. பிள்ளைகளைப் பார்த்தால் எல்லாரும் சொல்கிற ஒன்றுதான் அவளுக்கும் வாயில் வந்தது.

"மூக்கு அப்படியே உங்க மூக்கு, சார்."