பிளக்கைப் பிடுங்கிய பிறகும்

அந்தப் பழைய வீட்டுக்கு நான் குடிவந்ததே அதன் பின்னறைக்காகத்தான். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் அந்த அறைச் சுவர் சில்லென்றிருந்தது. வீட்டில் சர்வர் ஓட்டுகிறவர்களுக்குச் சூடுதான் முதல் எதிரி. வேறு யாராக இருந்தாலும் இந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருப்பார்கள். நான் ஏ.சி. தேவையில்லை என்று துள்ளிக் குதித்தேன்.

என் சர்வர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் ஒரு விளையாட்டு உலகம் ஓடும். அங்கே மண்ணை வெட்டலாம், கல்லை அடுக்கி வீடு கட்டலாம். கூடவே, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் சின்ன வலைப்பக்கம். எல்லாம் அக்காவுக்காக. அவள் வேறு ஊரில், நுரையீரல் வார்டில், மூன்று மாதமாகப் படுக்கையில் கிடந்தாள். கழிவறைவரை நடந்தாலே மூச்சு வாங்கும். அந்த உலகத்தில் மட்டும் மலையேறி ஓடுவாள். தினமும் மதியம் நாங்கள் அங்கேதான் சந்தித்துக்கொள்வோம்.

ஒரு மதியம் கரண்ட் போனது. யு.பி.எஸ். கத்திக் கத்தி ஓய்ந்தது. கம்ப்யூட்டர் அணைந்தது, ரவுட்டரிலும் ஒரு விளக்கு இல்லை. அக்கா திட்டுவதற்குள் நானே போன் செய்துவிட்டேன்.

"சாரிக்கா. கரண்ட் போயிடுச்சு. சர்வர் படுத்துடுச்சு."

"என்னடி உளர்றே? நான் உள்ளதான் இருக்கேன். நீயும் பக்கத்துலதானே நிக்கறே?"

நான் விளையாட்டில் இல்லை.

பிளக்கைப் பிடுங்கினேன். வயர் என் கையில் தொங்கியது. கைபேசியில் வலைப்பக்கத்தைத் தட்டினேன். அணைந்துபோன அந்த மெஷினிலிருந்து வரவேண்டிய பக்கம், வழக்கத்தைவிட வேகமாகத் திறந்தது. உள்ளே இரண்டு பேர். அக்காவின் பெயர், அதற்குக் கீழே என் பெயர்.

அறையில் ஈர மண் வாடை அடித்தது.

"அக்கா, அது என்ன பண்ணுது?" என்று கிசுகிசுத்தேன்.

"குழி வெட்டறே. ரொம்ப ஆழமா. கீழ வான்னு கூப்பிடறே... இங்க மூச்சே வாங்காதுன்னு எழுதறே..."

அவள் குரல் தேய்ந்துகொண்டே போனது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. அவளுக்குப் பின்னால் வார்டு மெஷின் ஒன்று அலறத் தொடங்கியது.

"வெளிய வாக்கா! லேப்டாப்பை மூடு! நர்ஸைக் கூப்பிடு!"

"கை வரலடி... கால் தானா இறங்குது."

எனக்கு ஆத்திரம் வந்தது. என் வீடு, என் மெஷின், என் அக்கா. எங்கிருந்தோ வந்த ஒன்று என் பெயரைப் போட்டுக்கொண்டு அவளைக் கூட்டிப்போகுமா?

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அதிலேயே விளையாட்டுக்குள் நுழையப் பார்த்தேன். 'இந்தப் பெயரில் ஒருவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்' என்றது. அக்கா என்னைக் கூப்பிடும் பட்டப்பெயர் கொசு. அதைப் போட்டு நுழைந்தேன்.

அக்கா குழியின் பாதிப் படியில் நின்றாள். அதற்கும் கீழே, இருட்டில், என் உருவத்தில் அது. நான் இடையில் குதித்துக் கல்லைப் போட்டேன். அது வெட்டியது. மறுபடி போட்டேன். மறுபடி வெட்டியது.

"வெட்டு! நான் போட்டுட்டே இருப்பேன்! யாரு முதல்ல ஓயறாங்கன்னு பாத்துடலாம்!" காலி அறையில் தொண்டை கிழியக் கத்தினேன்.

என் காதோரம் யாரோ மூச்சு விட்டார்கள்.

நான் திரும்பவில்லை.

இன்னொரு கல்லைப் போட்டேன்.

ஸ்பீக்கரில் அக்கா இருமினாள். மூன்று மாதமாக நான் வெறுத்த அதே இருமல். அதைக் கேட்டு அப்போது அழுதுவிட்டேன்.

"கொசு... நீயா? அப்போ அது யாருடி?"

"யாரா இருந்தா என்ன? மேல ஏறு!"

இருமிக்கொண்டே ஏறினாள். அவள் வெளியே வந்ததும் குழியை மூடினேன். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது.

சர்வரைத் தூக்கிப்போடு, வீட்டைக் காலி செய் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் எதற்குப் போக வேண்டும்? கரண்ட் போனாலும் அணையாதபடி பெரிய பேட்டரி போட்டேன். ஓடும்வரை மெஷின் என் பேச்சைத்தான் கேட்கும். என் பழைய பெயரைத் தடை செய்தேன். நான் பட்டியலில் சேர்த்த பெயர்கள் மட்டுமே உள்ளே வரலாம். அந்தப் பழைய பெயர் தினமும் வந்து முட்டியது. 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று சர்வரின் பதிவேட்டில் வரி விழும். முட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் அக்கா தேறி, என் வீட்டுக்கே வந்துவிட்டாள். அவள் பெயரையும் அது எடுத்துக்கொள்வதற்குள் புதுப் பெயர் வைத்துவிடலாம் என்றேன். அது ஒட்டுக்கேட்கக் கூடாதென்று, வாயே திறக்காமல் தாளில் எழுதி மடித்து நீட்டினாள்.

நான் பிரிப்பதற்குள் பதிவேட்டில் ஒரு வரி விழுந்தது. அதுவரை பார்த்திராத பெயர். அனுமதி மறுக்கப்பட்டது.

தாளைப் பிரித்தேன்.

அதே பெயர்.

அக்கா திரையை முறைத்தாள். தாளை என் கையிலிருந்து பிடுங்கிக் கசக்கி எறிந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பேரெல்லாம் மாத்த முடியாதுடி. என் பேரு என்னுது. அது வெளியவே நிக்கட்டும்."

சொந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். அவள் தட்டி முடிக்கும்வரை, பதிவேட்டில் அந்த வரி நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது.