வெளிநாட்டு லாட்ஜில் போன வளையல்

வளையலைக் காணோம் என்பது காலை பத்து மணிக்குத் தெரிந்தது. பத்தரைக்குள் திருடி யார் என்பதும் முடிவாகிவிட்டது. அறை பெருக்க வந்தவள்தான். இல்லாதவள், எல்லா அறைக்கும் சாவி வைத்திருப்பவள். வேறென்ன வேண்டும்?

ஏட்டு மட்டும் அதை நம்பவில்லை. முதலில் கைகாட்டப்படுகிற ஆளைத் திருடன் என்று அவர் என்றைக்கும் நம்பியதில்லை. கைகாட்டுகிற ஆளையும் நம்பியதில்லை. ஓய்வு பெற்றபின் அக்காவுக்குத் துணையாக முதல் தடவை விமானம் ஏறியிருந்தார். இங்கிருந்து அரை நாள் ரயிலில் போனால் அக்கா மகள் வீடு. பிள்ளை பெற்றிருக்கிறாள். அந்த ஜோடி வளையல் அவளுக்குத்தான். அக்காவின் மகனும் மருமகளும் கூட வந்திருந்தார்கள். மகன் முன்பு இந்த நாட்டில் வேலை பார்த்தவன். நாலு பேரில் அவனுக்கு மட்டும்தான் இந்த ஊர்ப் பேச்சு தெரியும்.

கீழே மேனேஜர் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பெருக்குகிறவள் ஏப்ரனைப் பிசைந்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

"என்னடா சொல்றா?"

"போலீஸ் வந்தா வேலை பர்மிட் போயிடுமாம் மாமா. அவ நாட்டுக்கே அனுப்பிடுவாங்களாம். இவ சம்பளத்தை நம்பி ரெண்டு புள்ளைங்களாம்." ரயில் நேரம் சொல்வதுபோல் சொன்னான்.

"அந்தாளைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு."

ஏட்டு அக்காவின் அறைக்குப் போனார். "எங்க வச்சிருந்தே?"

"பச்சைப் புடவைக்குள்ள, நடு மடிப்புல. தோள் வலியில கையத் தூக்க முடியல. கட்டில்ல போட்டு ஏதோ சுருட்டி வச்சேன்."

பெட்டியில் பச்சைப் புடவை கரையோடு கரை பொருந்தி, இஸ்திரி போட்டதுபோல் படிந்து கிடந்தது.

"இதை மறுபடி மடிச்சியா?"

"இல்லப்பா. கையை விட்டுத் தடவினேன், காணோம். அதோட கீழ ஓடி வந்துட்டேன்."

நாற்காலியில் இன்னொரு புடவை, பிழிந்த துண்டுபோல் முறுக்கிக் கிடந்தது.

"அது?"

"தரையில கிடந்தது. அந்தப் பொண்ணு எடுத்து வச்சிருக்கா."

"நாம சாப்பிடப் போனப்ப சாவி யார்கிட்ட?"

"இவன்கிட்டதான்."

மகனும் மருமகளும் வாசலில் நின்றார்கள்.

"நாங்க சாப்பிட்டப்ப எங்கடா இருந்தே?"

"எங்க ரூம்ல."

"நீம்மா?"

"குளிச்சுக்கிட்டு இருந்தேன்."

"இந்த ரூமுக்கு யாரும் வரல?"

"எதுக்கு வரப்போறோம்?" மகன் சிரித்தான். "என்ன மாமா, ஸ்டேஷன் ஞாபகமா? லத்தியைத்தான் மறந்துட்டீங்க."

"லத்தி வேணாம். இந்தப் புடவையை நீ ஒருத்தனா இதே மாதிரி மடிச்சுக் காட்டு."

சிரிப்பு நின்றது.

"ஒருத்தர் மடிச்சா கரை கோணிக்கிட்டுப் போகும். ரெண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடிச்சு, உதறி இழுத்தாத்தான் இப்படி வரும். அந்தப் பொண்ணு தனியா வேலை பாக்குறா. அவ புடவையை என்ன பண்ணுவான்னு நாற்காலியைப் பாரு. வளையலைத் தேடி விரிச்சிருக்கீங்க. வீட்டுல மடிக்கிற மாதிரியே கை தானா மடிச்சிருச்சு."

மருமகள் போய்த் தன் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். வளையல் விழுந்தது. "எல்லாம் அவளுக்கேதானா? அத்தைக்குச் சோறு போடறது யாரு?"

அக்கா கதவைச் சாத்தினாள். "தம்பி, பொருள் கிடைச்சிருச்சில்ல, விட்டுடு. அவ யாரோ எவளோ. இவன் என் புள்ள."

ஏட்டு வளையலோடு, மகனையும் இழுத்துக்கொண்டு கீழே போனார். அக்காவும் மருமகளும் பின்னாலேயே வந்தார்கள்.

"நடந்ததை அப்படியே சொல்லு."

அவன் மேனேஜரிடம் நீளமாகப் பேசினான். மேனேஜர் அவன் தோளைத் தட்டினார். பிறகு பெருக்குகிறவளுக்கு வாசலைக் காட்டினார். அவள் ஏப்ரனை அவிழ்த்தாள்.

"என்னடா சொன்னே?"

"நீங்க சொன்னதைத்தான் மாமா."

ஏட்டுக்கு அந்த ஊர்ப் பேச்சில் ஒரு வார்த்தை தெரியாது. வளையலை மேஜைமேல் வைத்தார். அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்து இழுத்து, விலங்கு மாட்டுவதுபோல் மணிக்கட்டோடு மணிக்கட்டைச் சேர்த்து மேனேஜரிடம் காட்டினார்.

மேனேஜர் போனை வைத்துவிட்டு, அறைகளைக் காலி செய்யச் சொல்லி இவர்களிடம் சாவிகளுக்காகக் கை நீட்டினார். பெருக்குகிறவள் ஏப்ரனைத் திரும்பக் கட்டிக்கொண்டாள். அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அக்கா வளையலை முந்தானையில் முடிந்தாள். "உனக்கொரு புள்ள இருந்திருந்தா இப்படிச் செஞ்சிருப்பியா?"

ரயிலில் மூன்று பேரும் ஒரு பக்கமாக நெருக்கி உட்கார்ந்தார்கள். எதிர்ப் பக்கம் முழுக்க ஏட்டுக்குத்தான்.