ஆஞ்சலா செய்த பாயசம்

மகனுக்கு ஒரு மடக்குக் காப்பி கொடுத்தால் என்ன என்று ஆஞ்சலா கேட்டதுதான் தாமதம், கணவர் ஓஸ்வால்ட் பாய்ந்துவிட்டார். டாக்டர் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார், ரத்தம் எடுப்பார்கள், சர்க்கரை பார்ப்பார்கள், ஒரு மாதமாகப் பட்ட பாடெல்லாம் உன் காப்பியில் கரைந்து போக வேண்டுமா என்று பெங்களூர் ஆஸ்டின் டவுன் வரிசை வீடுகள் அத்தனைக்கும் கேட்கும்படி கத்தினார். ஆஞ்சலா பாத்திரத்தை இறக்கி மூடி வைத்தாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வந்த நாளாக அவளுக்குப் பழகிப்போன வேலை அது.

ஜாய்சனுக்கு இது முதல் கப்பல். பயிற்சி முடித்து, கம்பெனியும் எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை மும்பையில் ஏற வேண்டும் என்று தேதியும் சொல்லிவிட்டார்கள். பாக்கி இருந்தது உடல் தகுதிச் சோதனை ஒன்றுதான். நடுக்கடலில் ஒருவன் படுத்துவிட்டால் ஆஸ்பத்திரிக்கு எங்கே போவது? அதனால் கண், காது, நெஞ்சு, ரத்தம், ஒன்றையும் விடமாட்டார்கள். அந்தச் சோதனைக்கு மகனைத் தயார் செய்யும் பொறுப்பை ஓஸ்வால்ட் தன் தலையில் போட்டுக்கொண்டார். விடியற்காலை மைதானத்தில் ஓட்டம். பன்றிக்கறியும் பொரித்ததும் வீட்டுக்குள் வரக்கூடாது. சாயங்காலமானால் பையன் வாசலில் நின்று, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, தெருக்கோடிக் கடைகளின் போர்டுகளைக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வாசிக்க வேண்டும். தெருவில் போகிறவர்களுக்கு அது நல்ல வேடிக்கையாக இருந்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் அப்பாவின் பயிற்சி பலிக்கவில்லை. வெள்ளைக் கோட்டைக் கண்டாலே ஜாய்சனுக்கு ரத்த அழுத்தம் எகிறும். போதாக்குறைக்குப் பயத்தில் தூக்கமும் போய்விட்டது. படுக்கையில் புரண்டுகொண்டே கிடக்கும் பிள்ளையைப் பார்க்கப் பொறுக்காமல்தான் ஆஞ்சலா அந்தப் பாயசத்தைச் செய்தாள். கசகசாவை வறுத்து, தேங்காயும் ஏலக்காயும் சேர்த்து மைய அரைத்து, வெல்லம் கரைத்துக் கொதிக்கவிடுகிற கசகசாப் பாயசம். அதைக் குடித்தால் கண் தானாகச் சொக்கும் என்பது பெங்களூரில் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாள் சொல்லிக்கொடுத்த பக்குவம். சோதனைக்கு முந்தின இரண்டு நாளும் சாப்பாட்டுக்குப் பிறகு கெட்டியாக ஒரு பெரிய தம்ளர் கொடுத்தாள். பையன் குழந்தையாகத் தூங்கினான். அவளும் மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டுத் தூங்கினாள்.

சோதனை முடிந்து புதன்கிழமை மத்தியானம் ஜாய்சன் திரும்பி வந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை. கண் சரி, காது சரி, ரத்த அழுத்தம்கூடச் சரி. சிறுநீரில் மட்டும் போதைப்பொருள் இருப்பதாகக் காட்டியதாம். அபின் வகை. பெரிய லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள், அங்கிருந்து பதில் வரப் பத்து நாள் ஆகும், அதுவரைக்கும் தகுதிச் சான்றிதழ் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நான் எதையும் தொடல மம்மி... சத்தியமா தொடல," என்றான் ஜாய்சன்.

ஓஸ்வால்ட் கை ஓங்கியவர் பாதியில் நிறுத்தினார். அந்தக் கோபம் அப்படியே ஆஞ்சலாவின் மேல் திரும்பியது. காரணம், டெஸ்மண்ட். ஓஸ்வால்டின் ஒரே தம்பி. போதை மாத்திரையில் விழுந்து, வேலையும் பெண்டாட்டியும் போய், அம்மா செத்த அன்றைக்குக்கூடத் தெளிவில்லாமல் வந்து நின்றவன். அன்றைக்கே ஓஸ்வால்ட் அவனை வாசலோடு துரத்திவிட்டார். ஹெப்பகோடிப் பக்கம் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்ந்து, குணமாகி, இப்போது அங்கேயே சமையல் செய்துகொண்டிருக்கிறான். வியாழக்கிழமைகளில் ஓஸ்வால்ட் குழந்தை யேசு கோயிலுக்கு நவநாள் செபத்துக்குப் போகும் நேரம் பார்த்து வருவான். ஆஞ்சலா பின்வாசலில் உட்காரவைத்துச் சோறு போடுவாள். அது இத்தனை வருஷமாக அவருக்குத் தெரியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"பின்வாசல்ல யாருக்குச் சோறு போடறேன்னு எனக்குத் தெரியாதா? போனாப் போவுதுன்னு சும்மா இருந்தேன். இப்ப பாரு... உன் கையாலதான்டி இவன் கெட்டான். அந்த சனியன உள்ள விட்டு, பெத்த புள்ளைக்கும் ஒட்டவச்சிட்ட."

ஆஞ்சலா அழுதாள். வேறு என்ன செய்வாள்? மகன் பொய் சொல்லவில்லை என்று அவள் வயிற்றுக்குத் தெரியும். ஆனால் அதை எந்த டாக்டரிடம் போய்ச் சொல்வது, எந்தக் கம்பெனிக்காரன் கேட்பான்? டாக்டரிடம் ஒரு நடை போய்ப் பேசிப் பாருங்கள் என்று கெஞ்சினாள். கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கிற மனுஷன் எந்த முகத்தோடு போவேன் என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் ஓஸ்வால்ட் நவநாளுக்குப் போனதும் டெஸ்மண்ட் வந்தான். அடுப்பு பற்றவைக்காத வீட்டில் கொடுக்க ஒன்றும் இல்லை. ஃபிரிட்ஜில் மிச்சமிருந்த பாயசத்தைத் தம்ளரில் ஊற்றி நீட்டினாள். அவன் வாயருகே கொண்டுபோய், முகர்ந்து பார்த்து, அப்படியே கீழே வைத்துவிட்டான்.

"கசகசா தானே அண்ணி? வேணாம். எனக்கு மாசா மாசம் யூரின் டெஸ்ட் இருக்குது. அபின் செடியோட வெத தானே இது, டெஸ்ட்டுல காட்டிடும். எங்க கிச்சன்ல கசகசா உள்ளயே விடமாட்டாங்க. ஒரு தடவ இதே பாயசம் குடிச்சிட்டுப் போயி மாட்டிக்கினேன். மறுபடியும் ஆரம்பிச்சிட்டான்னு எல்லாரும் என்னக் காறித் துப்பாத குறைதான்... பெரிய லேபு ரிசல்ட் வர்ற வரைக்கும் என் பேச்ச ஒருத்தரும் நம்பல."

ஆஞ்சலா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உன் கையாலதான் கெட்டான் என்று புருஷன் சொன்னது இப்படி நிஜமாகும் என்று அவள் நினைத்தாளா? ஆசையாசையாய் அரைத்துக் கொடுத்தவள் அவள்தான். நடந்ததைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தபோது டெஸ்மண்டும் அழுதுகொண்டிருந்தான்.

நவநாள் முடிந்து வந்த ஓஸ்வால்ட் இருவரையும் அந்தக் கோலத்தில் பார்த்தார். டெஸ்மண்ட் எழுந்து நழுவப் பார்த்தான். ஆஞ்சலா அவன் கையைப் பிடித்து நிறுத்தி, எல்லாவற்றையும் கணவரிடம் சொன்னாள். போதைக்காரன் கட்டிவிடுகிற கதையை நம்ப நான் என்ன மடையனா என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குள் என்னவோ அறுந்தது. டெஸ்மண்டுக்குச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். கசகசாவை வறுத்தாள், அரைத்தாள், அதே பக்குவத்தில் கெட்டியாகக் காய்ச்சி, இரண்டு பெரிய தம்ளரில் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"இத்தன வருஷமும் நீங்க சொன்னத நான் கேட்டேன். இன்னிக்கு நான் ஒண்ணு சொல்றேன். இதக் குடிங்க. காலைல போயி அதே டெஸ்ட்ட நீங்க எடுங்க. ஒண்ணும் வரலன்னா... நானும் என் புள்ளையும் இந்த வீட்ட விட்டுப் போயிடறோம்."

அவள் குரல் உயரவில்லை. அதனாலேயே அவர் பயந்துபோனார். இரண்டு தம்ளரையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, நாளைக்குத் தெரியும் என்று எழுந்துபோனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் திரும்பி வந்தார். உள்ளே வராமல் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஞ்சலா தண்ணீர் கொண்டுபோய் நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை.

"வந்திடுச்சு ஆஞ்சலா... எனக்கும் வந்திடுச்சு. அந்த லேபு பொண்ணு, 'ஏனாதரூ மாத்ரே தகோத்தீரா சார்'னு மெதுவாக் கேட்டா. ஏதாவது மாத்திர போடறீங்களான்னு... என்னப் போயி. அவ பாத்த பார்வ இருக்கே. அதே பார்வையத்தான நான் நம்ம புள்ளையப் பாத்தேன்... என் தம்பியப் பாத்தேன்."

அவர் அழுது அவள் பார்த்ததில்லை. பெற்ற அம்மா சாவுக்குக்கூட அவர் அழவில்லை. சத்தம் கேட்டு வெளியே வந்த ஜாய்சனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, மன்னிச்சிடு ராஜா, மன்னிச்சிடு என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஜாய்சன் குனிந்து அப்பாவின் தலையைப் பிடித்துக்கொண்டான்.

அன்று சாயங்காலமே மூன்று பேரும் டாக்டரிடம் போனார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார். நம்பவும் செய்தார். ஆனால் பெரிய லேபு சொல்லாமல் என்னால் கையெழுத்துப் போட முடியாது என்றார். கம்பெனிக்குப் போன் செய்தார்கள். அங்கே இன்னொரு பையனுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. ஜாய்சனுடைய பெயரை அடுத்த கப்பலுக்கு வைத்துக்கொள்வார்களா என்று கேட்டதற்கு, லேபு பதில் வரட்டும், பார்க்கலாம் என்றார்கள். இதற்குமேல் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? சனிக்கிழமை வந்தது, போனது. கப்பலும் போனது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு, ஓஸ்வால்ட் சொல்லியனுப்பியிருந்தபடி டெஸ்மண்ட் வந்தான். பழக்கதோஷம், பின்வாசலுக்குத்தான் போனான். ஓஸ்வால்ட் சுற்றிக்கொண்டு போய், அவன் தோளில் கைபோட்டு, முன்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு வந்து தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சோற்றைப் பிசைந்தார்கள். பரிமாறிக்கொண்டு நின்ற ஆஞ்சலாவை, நீயும் உக்காரு என்று அவர் கையைப் பிடித்து இழுத்தார். இந்தக் கையையா நான் அப்படிச் சொன்னேன் என்று முணுமுணுத்துவிட்டு அதைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னது நெசந்தானே... என் கையாலதான் அவன் கப்பல் போச்சு," என்றாள். அதுவரை அடக்கிவைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது.

ஜாய்சன் எச்சில் கையோடு எழுந்து வந்து, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"அழாதீங்க மம்மி. லேபுல க்ளியர் ஆயிடும், நான் ஏறிடுவேன். மொத ட்ரிப்பு முடிச்சு எறங்கி வருவேன்ல, அன்னிக்கு இதே பாயசம் செஞ்சு வைங்க. ரெண்டு தம்ளர்."

சரி என்று அவள் தலையாட்டினாள். அவன் எப்போது ஏறப்போகிறான் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. சாயங்காலம் ஜாய்சன் வாசலில் நின்று, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, தெருக்கோடிப் போர்டுகளை மறுபடியும் வாசிக்க ஆரம்பித்தான். அவன் தடுமாறிய எழுத்தை ஓஸ்வால்ட் மெதுவான குரலில் எடுத்துக்கொடுத்தார்.